கால் மக்கர் செய்தால்: நெடுநடைக்கான பூட்ஸும் பயிற்சியும், அறிகுறி வாரியாக

முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ பையோடு நாலைந்து நாள் மலையிலும் காட்டிலும் நடக்கிற குழுக்களோடு பல வருடங்களாகப் போய் வருகிறேன். யாராவது நொண்ட ஆரம்பித்தால் பையை இறக்கிவிட்டு அவர் காலடியில் குத்துக்காலிட்டு உட்காருவது எப்படியோ என் வேலையாகிவிட்டது. நொண்டுகிறவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "வேறு எந்த பூட்ஸ் வாங்கலாம்?" அவர் காலில் இருப்பது பெரும்பாலும் நல்ல பூட்ஸாகவே இருக்கும். லேஸைத் தப்பாகக் கட்டியிருப்பார், சாக்ஸ் நனைந்திருக்கும், இல்லையென்றால் அந்த பூட்ஸோடும் அந்தப் பாரத்தோடும் ஒரு மாடிப்படிகூட இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே கீழே ஒவ்வொரு தொந்தரவுக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில், பணம் கரைகிற காரணம் கடைசியில். உங்கள் அறிகுறியைக் கண்டுபிடித்து, சொன்ன வரிசையிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சாக்ஸ், இன்சோல், லேஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கைகொடுத்தது என்று தெரியாமலே போய்விடும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் காலில் புண் வந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

## குதிகாலில் கொப்புளம்

தொந்தரவுகளில் இதுதான் ராஜா. கொப்புளம் சொல்லாமல் வருவதில்லை. கொஞ்ச நேரம் முன்பே அந்த இடம் சுடும். சுட்டவுடன் நிற்க வேண்டும். குழுவை நிறுத்தக் கூச்சப்பட்டு, அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தவர்களின் கால்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அஞ்சு நிமிடம் நிற்கக் கூச்சப்பட்டவருக்காக மறுநாள் முழுக் குழுவும் மெதுவாக நடக்கும்.

### கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் சுடுகிறது

குதிகால் உள்ளே ஏறி இறங்குகிறது. சோதனை: பூட்ஸைக் கட்டிக்கொண்டு ஒரு படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து எம்பி நில்லுங்கள். குதிகால் அரை சென்டிமீட்டருக்கு மேல் தூக்கினால் லேஸை அவிழ்த்து முதலிலிருந்து கட்டுங்கள்.

குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, பின்பக்கம் ஒட்டி உட்கார வையுங்கள். விரல் பக்கத்திலிருந்து மேலே இறுக்கிக்கொண்டே வாருங்கள். பாதம் முடிந்து கணுக்கால் தொடங்குகிற மடிப்புக்கு வந்ததும், வழக்கமாக ஒன்றோடொன்று ஒருமுறை சுற்றுகிற லேஸ் முனைகளை இங்கே இரண்டு முறை சுற்றி இழுங்கள். இந்த இரட்டைச் சுற்று அதற்குக் கீழே உள்ள இறுக்கத்தை அப்படியே பூட்டிவிடும். அப்புறம் மேலே உள்ள கொக்கிகளில் உங்களுக்கு வேண்டிய அளவு தளர்வாகவோ இறுக்கமாகவோ கட்டலாம். லேஸை நேரே மேல் கொக்கிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கீழ்க் கொக்கிக்கு இறக்கிக் கட்டினால் பிடி இன்னும் கெட்டி. நிறைய பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

### மத்தியானத்துக்கு மேல்தான் சுடுகிறது

ஈரம். காலையில் தாங்கிய தோல் வியர்வையில் ஊறி மெத்தென்று ஆகி, உராய்வைத் தாங்காமல் போகிறது. சாக்ஸைக் கழற்றிப் பிழிந்து பாருங்கள். பருத்தி சாக்ஸ் என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு வெளியே விடாது. மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை சாக்ஸுக்கு மாறுங்கள். அதற்கு உள்ளே வழுவழுப்பான மெல்லிய சாக்ஸ் ஒன்றும் போட்டால் உராய்வு தோலில் விழாமல் இரண்டு துணிகளுக்கு இடையில் போய்விடும். ஆனால் பூட்ஸில் அதற்கு இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை விரட்டப்போய் இன்னொன்றை வரவழைப்பீர்கள்.

நீண்ட ஓய்வு எடுக்கும்போதெல்லாம் பூட்ஸைக் கழற்றிக் காலைக் காற்றாட விடுங்கள். ஒரு ஜோடி சாக்ஸ் காலில், ஒரு ஜோடி பைக்கு வெளியே கட்டிக் காய்ந்துகொண்டே வரட்டும். இரவில் போட மூன்றாவது ஜோடி தனியாக இருக்க வேண்டும். அதைப் பகலில் தொடவே கூடாது.

### எப்போதும் அதே இடத்தில், அதே காலில்

கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்: கிழிந்த உள்துணி, தூக்கிக்கொண்ட இன்சோல் ஓரம், ஒரு தையல் முடிச்சு. பழைய பூட்ஸில் குதிகால் பக்க உள்துணி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால் உட்பக்கம் ஒட்டுப் போட்டுத் தைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் உங்கள் குதிகாலைத் தடவிப் பாருங்கள். சிலருக்குப் பின்பக்க எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும். அந்த இடத்தை மட்டும் அகலப்படுத்தித் தரச் செருப்புத் தைப்பவரிடம் கேட்கலாம். தோல் பூட்ஸில் இது நன்றாக வரும், செயற்கைத் துணியில் அவ்வளவாக வராது.

அதுவரை, கிளம்பும் முன்பே அந்த இடத்தில் டேப் ஒட்டுங்கள். துணியாலான ஜிங்க் ஆக்ஸைடு டேப் நன்றாகப் பிடிக்கும். தோல் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். முனைகளை வட்டமாக வெட்டினால் சுருண்டு வராது.

### பூட்ஸ் புதுசு

தடித்த தோல் பூட்ஸ் காலுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் கேட்கும். துணியும் ரப்பரும் கலந்த இலகு பூட்ஸுக்குச் சில நாள் போதும். முதலில் வீட்டுக்குள், பிறகு தெருவில், பிறகு பையோடு. பூட்ஸைத் தண்ணீரில் முக்கிப் போட்டுக்கொண்டு காயும்வரை நடந்தால் ஒரே நாளில் பழகிவிடும் என்று ஒரு பழைய யோசனை உலாவுகிறது. பசையால் ஒட்டிய இன்றைய பூட்ஸுக்கும் அது கேடு, காலுக்கும் கேடு.

### கொப்புளம் வந்தே விட்டது

சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் உடைக்காதீர்கள். நடுவில் ஓட்டை வெட்டிய மெத்தைத் துணியை அதைச் சுற்றி ஒட்டி, மேலே டேப் போடுங்கள். பெரிதாகி விண்ணென்று தெறித்து, இன்னும் நடந்தாக வேண்டும் என்றால் மட்டும்: கையையும் இடத்தையும் கழுவி, கிருமிநீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதைவிட நல்ல கட்டுத் துணி எதுவும் இல்லை. ரத்தம் கட்டிய கொப்புளத்தைக் குத்தவே வேண்டாம்.

மருத்துவரிடம் எப்போது: சுற்றிலும் சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காலில் சிவப்புக் கோடு மேலேறினால், காய்ச்சல் வந்தால். இதில் ஒன்று வந்தாலும் பயணம் அங்கேயே முடிகிறது.

## இறக்கத்தில் விரல்நுனி இடிக்கிறது, நகம் கறுக்கிறது

ஏறும்போது சொர்க்கமாக இருந்த பூட்ஸ் இறங்கும்போது நரகமாவது இப்படித்தான். பூட்ஸ் சின்னது என்று எல்லோரும் உடனே முடிவுகட்டுவார்கள். பொறுங்கள்.

நகம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நேராக வெட்டியிருக்க வேண்டும். முந்தின இரவு ஒட்ட வெட்டிவிட்டுக் காலையில் நடந்தால் ஓரம் குத்தும்.

லேஸ். ஏற்றத்துக்குக் கட்டியபடியே இறங்குகிறீர்களா? உச்சியில் உட்கார்ந்து, மேலே சொன்ன இரட்டைச் சுற்றோடு மறுபடி கட்டுங்கள். கணுக்கால் மடிப்பில் பிடித்தால்தான் கால் முன்னால் சரியாது. விரல்கள் மேல் இறுக்கம் வேண்டாம்.

இன்சோல். சொகுசுக்காகத் தடிமனான இன்சோல் போட்டிருந்தால் அது காலை மேலே தூக்கி, உள்ளிருக்கும் இடத்தைத் தின்றுவிடும். பழையதைப் போட்டுப் பாருங்கள்.

அளவு. இப்போதுதான் பூட்ஸின் முறை. இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, பாரத்தோடு அதன்மேல் நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைக் கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம்; கால் கட்டைவிரலை வைத்து அளந்து ஏமாறாதீர்கள். இன்சோலை மறுபடி உள்ளே போட்டு இன்னொரு சோதனை: லேஸைக் கட்டாமல் காலை முன்னால் தள்ளி விரல் முட்ட நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். இரண்டிலும் தோற்றால் பூட்ஸ் நிஜமாகவே சின்னதுதான், அதற்கு வைத்தியம் இல்லை. தோலை இழுத்து அகலமாக்கலாம், நீளமாக்க முடியாது.

கறுத்த நகத்தின் கீழே இருப்பது கட்டிய ரத்தம். வலி இல்லையென்றால் அதுபாட்டுக்கு வளர்ந்து வெளியேறும், இல்லையென்றால் நகம் விழுந்து புதுசு முளைக்கும். ஆடுகிற நகத்தைப் பிடுங்காமல் டேப்பால் கட்டிவையுங்கள். மருத்துவரிடம்: தூங்க விடாமல் தெறித்தால் ஓரிரு நாளுக்குள் போங்கள், நகத்தில் ஒரு சிறு துளை போட்டால் வலி சட்டென்று இறங்கிவிடும். இடிபடாமலே நகத்தில் கறுப்புக் கோடு வந்து, நகம் வளர்ந்தும் அது வெளியேறாமல் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது பூட்ஸ் விஷயமாக இல்லாமலும் இருக்கலாம்.

## பாதம் மரத்துப்போகிறது

பாதத்தின் மேல்பக்கம் வலித்து, விரல்கள் மரத்தால்: ஏதோ ஒரு இடத்தில் லேஸ் நரம்பை அமுக்குகிறது. வலிக்கிற இடத்துக்கு நேர் மேலே லேஸ் குறுக்கே போகாமல், அந்த ஒரு துளையை மட்டும் இருபுறமும் செங்குத்தாகக் கோத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். பூட்ஸின் நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்து மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முன்பாதம் முழுக்க மரத்தால்: அகலம் போதவில்லை. கீழ் மூன்று துளைகளைத் தளர்த்துங்கள், தடித்த சாக்ஸை மெல்லியதாக்குங்கள். மாலையில்தான் வருகிறது என்றால் வீக்கம்; ஓய்வில் காலைத் தூக்கிப் பையின்மேல் வையுங்கள். எதற்கும் மசியவில்லை என்றால் அகலமான அச்சில் செய்த பூட்ஸ் தேவை. நீளத்தில் ஒரு அளவு கூட்டி வாங்கிச் சமாளிக்காதீர்கள். அப்படிச் செய்தால் பூட்ஸ் மடிகிற இடமும் உங்கள் கால் மடிகிற இடமும் ஒன்றாக இருக்காது.

மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவே கூழாங்கல் மாட்டிய மாதிரி இருந்தால்: பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுங்கள். கல் விழவில்லையா? அகலமான பூட்ஸ் போட்டும் அந்தக் 'கல்' சில வாரம் தொடர்ந்தால் அது நரம்பு வீக்கமாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

## காலையில் வைக்கும் முதல் அடி குதிகாலில் குத்துகிறது

கூடாரத்திலிருந்து வெளியே வந்ததும் குதிகால் அடியில் ஆணி ஏறியதுபோல் குத்தும். பத்து இருபது அடி நடந்தால் குறையும். மாலையில் திரும்ப வரும். இந்த மாதிரி வந்தால் பூட்ஸை ஒதுக்கிவைத்துவிட்டு உங்கள் நாட்குறிப்பைப் பாருங்கள். போன மூன்று வாரத்தில் தூரத்தையோ பாரத்தையோ ஒரேயடியாக ஏற்றினீர்களா? அநேகமாக ஆம். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடுகிற பட்டை அதைத் தாங்கவில்லை.

தூரத்தைப் பாதியாக்குங்கள். படுக்கையை விட்டு எழும் முன்பே விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டி இழுங்கள், நாளைக்கு மூன்று தடவை. தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் வைத்து உருட்டுங்கள். வீட்டில் வெறுங்காலோடு கடினத் தரையில் நடப்பதைக் கொஞ்ச நாள் விடுங்கள். அப்புறம்தான் இன்சோல்: கட்டைவிரலால் அமுக்கினால் எழும்பாமல் தட்டையாகக் கிடந்தால் மாற்றுங்கள். அளவெடுத்துச் செய்யும் விலையுயர்ந்த இன்சோலுக்கு எடுத்ததும் ஓட வேண்டாம். கடையில் கிடைக்கும் கெட்டியான இன்சோல் பலருக்குப் போதும்.

### வலி எலும்பின் மேல் ஒரே புள்ளியில் இருந்தால்

இது வேறு கதை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதத்தின் மேல்பக்கத்திலோ கணைக்காலின் முன் எலும்பிலோ ஒரு விரல்நுனியால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வலி, நடக்க நடக்கக் கூடுதல், ஓய்விலும் இரவிலும் விடாத வலி என்றால் எலும்பில் அழுத்த விரிசல் விழுந்திருக்கலாம். நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவதுண்டு. "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்று சந்தோஷமாகக் கிளம்பிவிடாமல், வலி தொடர்ந்தால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

## இறக்கத்தில் முழங்கால் வலி

முழங்கால் வலிக்குப் புது பூட்ஸ் வாங்கியவர்களின் பட்டியல் என்னிடம் நீளமாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒருகாலத்தில் நானும் இருந்தேன். இதில் பூட்ஸின் பங்கு கொஞ்சம், பையின் பங்கு அதிகம், தொடையின் பங்கு ரொம்ப அதிகம்.

மலையிலேயே செய்யக்கூடியது. அடியைக் குட்டையாக வையுங்கள். முழங்காலை விறைப்பாக நீட்டி ஊன்றாமல் லேசாக மடித்தே இறங்குங்கள். நடைக்கம்பு இரண்டு இருந்தால் இறக்கத்துக்கு அஞ்சு பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு, காலுக்கு முன்பே கம்பை ஊன்றுங்கள். ஒற்றைக் கம்பைவிட ஜோடிதான் உதவும்.

பையை நிறுத்துப் பாருங்கள். கையால் தூக்கிப் பார்த்து "பத்து கிலோதான்" என்கிறவரின் பை தராசில் பதினாலு காட்டுவது வாடிக்கை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பரவலான வரம்பு. அதற்கு மேலே போனால் முதலில் பையைக் குறையுங்கள். முழங்காலுக்குப் பட்டை வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.

இறங்கப் பழகியிருக்கிறீர்களா? பயிற்சி என்றால் எல்லோரும் ஏறித்தான் பழகுவார்கள். பத்து மாடி நடந்து ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கினால் பாதிப் பயிற்சியை லிஃப்ட் செய்துவிடுகிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு அதைத் தனியாகப் பழக்க வேண்டும்.

பதினைந்து இருபது சென்டிமீட்டர் உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று நாலு வினாடி எடுத்து மெதுவாக இறங்கி, மறுபடி எழுங்கள். முழங்கால் உள்பக்கமாகச் சாயக் கூடாது; கண்ணாடி முன்னால் செய்தால் தெரியும். ஒரு காலுக்குப் பத்து, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் தொடை இரண்டு நாள் வலிக்கும், அது பரவாயில்லை. மூட்டுக்குள்ளே வலித்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள்.

வலி முழங்காலின் வெளிப்பக்கத்தில், ஒரு குறிப்பிட்ட தூரம் நடந்ததும் சொல்லிவைத்தாற்போல் வந்தால்: இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வெளிப்புறமாக இறங்கும் தசைநார்ப் பட்டைதான் காரணம். அந்தத் தூரத்துக்குக் கீழேயே இரண்டு வாரம் நடங்கள். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கி இடுப்பைப் பலப்படுத்துங்கள்.

பிசியோதெரபிஸ்டிடமோ எலும்பு மருத்துவரிடமோ: மூட்டு வீங்கினால், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது "விட்டுப்போகிற" மாதிரி இருந்தால், அல்லது மூன்று நாலு வாரப் பயிற்சிக்குப் பிறகும் மாற்றம் இல்லை என்றால்.

## இரண்டாம் நாள் கால் எழவே மறுக்கிறது

முதல் நாள் வீரமாக நடந்தவர் மறுநாள் கூடாரத்திலிருந்து தவழ்ந்து வெளியே வருவார். இரண்டு காரணம். ஒன்று, முதல் நாள் வேகம். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் நாள் முழுக்க நிற்கும். இரண்டு, ஒரு நாள் நடந்து ஒரு வாரம் ஓய்ந்தே பழகியிருக்கிறார்.

நேரக் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்னும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 15 கிலோமீட்டரும் 1,200 மீட்டர் ஏற்றமும் என்றால் ஐந்து மணி நேரம், ஓய்வு சேர்க்காமல். கனமான பையோடு இதைவிடக் கூடுதலாகும். கணக்கில் எட்டு மணி வருகிற நாளுக்கு இரண்டு மணி நேர நடையை வைத்துத் தயாரானால் கால் எப்படி எழும்?

எட்டு வாரம் கையில் இருந்தால் நான் சொல்வது இது. முதல் இரண்டு வாரம் வெறும் பையோடு, வாரம் மூன்று நடை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு இரண்டு கிலோவாக ஏற்றுங்கள். தண்ணீர் பாட்டில்கள்தான் நல்ல பாரம். ஒரு லிட்டர் ஒரு கிலோ, முழங்கால் முனகினால் கொட்டிவிடலாம். பாரம் ஏறுகிற வாரத்தில் தூரம் ஏறக் கூடாது. ஐந்தாவது வாரத்திலிருந்து வார இறுதியில் நீண்ட நடை. ஆறு, ஏழாவது வாரங்களில் அடுத்தடுத்த இரண்டு நாள், அதே பூட்ஸ், அதே சாக்ஸ், பயண எடையில் பை. இந்த இரண்டு நாள் நடையைத் தவறவிடாதீர்கள். மற்ற நடைகளில் தெரியாத கோளாறெல்லாம் இதில் வெளியே வந்துவிடும். கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த வாரம் ஓடி ஓடிச் சேர்க்க எதுவும் இல்லை.

தாமதிக்காமல் மருத்துவமனைக்கு: தசைவலியோடு சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படித்தான்.

## கணுக்கால் அடிக்கடி மடங்குகிறது

உயரமான பூட்ஸ் போட்டால் மடங்காது என்று நம்பாதீர்கள். உயரம் கொஞ்சம் தாங்கும். களைத்த காலை அதுவும் காப்பாற்றாது. எந்த நேரத்தில் மடங்குகிறது என்று கவனியுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் என்றால் களைப்பு. எப்போதும் என்றால் சோலின் வெளி ஓரம் தேய்ந்து சாய்ந்திருக்கிறதா என்று பூட்ஸை மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். பயிற்சி சுலபம்: பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள்; பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு.

சுளுக்கா எலும்பு முறிவா என்ற சந்தேகத்துக்கு 1992-இல் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து வந்த விதியை மருத்துவர்கள் உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். அதன் சாரத்தை நாமும் வைத்துக்கொள்ளலாம். அடிபட்டதும், அப்புறமும், நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. கணுக்காலின் இருபுறக் குமிழ் எலும்புகளின் நுனியிலோ, பின் ஓரத்தில் மேல்நோக்கி ஆறு சென்டிமீட்டருக்குள்ளோ அமுக்கினால் வலித்தாலும் எக்ஸ்ரே. மலையில் இருக்கும்போது கால் வீங்குமுன் பூட்ஸைக் கழற்றிவிட்டால் திரும்பப் போட முடியாமல் போகலாம். நடந்துதான் இறங்க வேண்டும் என்றால் லேஸைத் தளர்த்தி, பூட்ஸோடே இறங்குங்கள். விரல்கள் நிறம் மாறினாலோ மரத்தாலோ மட்டும் கழற்றுங்கள்.

## உள்ளே ஈரம்

மழையே இல்லாமல் ஈரமா? வியர்வை. நீர் புகாத பூட்ஸ் வெயில் நேரத்தில் காலை வேகவைக்கும். கொள்ளைக்காரனைத் தடுக்கும் பூட்டு வீட்டுக்காரனையும் உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான். வெப்பமான, ஓடைகள் நிறைந்த வழிக்குச் சீக்கிரம் காய்கிற துணி ஷூவே மேல் என்பது என் கட்சி.

மழையில் ஈரம் என்றால் மேல்வாய் வழியாக வந்ததா என்று முதலில் பாருங்கள். காற்சட்டையிலிருந்து வழியும் நீர் சாக்ஸைப் பிடித்து உள்ளே இறங்கும். கணுக்கால் உறை போட்டால் நிற்கும். அடுத்து, பூட்ஸின் மேல்துணியில் தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் உறிஞ்சப்பட்டால் மேல்பூச்சு போய்விட்டது. கழுவிவிட்டு நீர்விலக்கும் தைலமோ தெளிப்பானோ பூசுங்கள். கடைசியாக, நீர் புகாமல் தடுக்கும் உள்சவ்வு கிழிந்ததா என்ற சோதனை: உள்ளே உலர்ந்த செய்தித்தாளைத் திணித்து, லேஸ் தொடங்கும் இடத்துக்குக் கீழ்வரை தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். காகிதம் எங்கே நனைகிறதோ அங்கே ஓட்டை. சவ்வு கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது.

காயவைப்பது காற்றிலும் காகிதத்திலும்தான். நெருப்போரம் வைத்துச் சோல் சுருண்ட பூட்ஸைப் பார்த்திருக்கிறேன். கால் வெளுத்துச் சுருங்கிப்போனால் இரவு முழுக்க உலர விடுங்கள். மரப்பும் திட்டுத்திட்டான நிறமும் விடிந்தும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## சோல் பிரிகிறது, அல்லது நொறுங்குகிறது

"நாலே தடவைதான் போட்டேன், புதுசு மாதிரியே இருந்தது!" என்று அதிர்ந்துபோய்ச் சொல்வார்கள். அதுதான் சிக்கல். பாலியூரித்தேன் நுரையால் ஆன மிட்சோல் (அடிச்சோலுக்கு மேலே இருக்கும் மெத்தை அடுக்கு) அலமாரியில் சும்மா கிடந்தாலும் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் மக்கி, ஒருநாள் பிஸ்கட் போல உதிரும். ஐந்தாறு வருடம் தாண்டிய பூட்ஸைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே எடுத்து, மிட்சோலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் திரும்பி எழாவிட்டால், வெடிப்பு தெரிந்தால், மாவாக உதிர்ந்தால் நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஓரம் மட்டும் பிரிந்தால்: இரண்டு பக்கமும் சுத்தம் செய்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுப்பசையை இரண்டிலும் பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்து, அழுத்திக் கட்டி ஒரு நாள் வையுங்கள்.

நடுவழியில் பிரிந்தால்: கயிற்றாலோ பிளாஸ்டிக் பட்டையாலோ பாதத்தின் வளைவுக்கு அடியில் சுற்றிக் கட்டுங்கள், அங்கே தரை அவ்வளவாக உரசாது. முன்பக்கம் டேப்பை மேலே மேலே சுற்றலாம், ஆனால் பாறையில் சீக்கிரம் தேயும். கைவசம் கொஞ்சம் டேப் மிச்சம் வையுங்கள்.

செருப்புத் தைப்பவரிடம்: மேல்பகுதி நல்ல தோலாக இருந்து சோல் மட்டும் போனால் புதுச் சோல் போடலாம். மிட்சோலே மக்கிவிட்டால் பசை பிடிக்க எதுவும் மிச்சமில்லை. மிட்சோலோடு சேர்த்து மாற்றத் தெரிந்தவர் கிடைத்தால் சரி, இல்லையென்றால் விடைகொடுங்கள்.

## வழுக்குகிறது

சோலின் பள்ளங்களில் சேறு அடைத்திருந்தால் குச்சியால் தோண்டுங்கள். புது சோல் என்றால் அதன் வழவழப்பு போக ஒரு நாள் கரடுமுரடான தரையில் நடங்கள். முன்பாதத்துக்கு அடியில் பள்ளங்கள் தட்டையாகிவிட்டால் சோலை மாற்றுங்கள். பாசி பிடித்த ஈரப்பாறையில் எந்த ரப்பரும் நிற்காது, சுற்றிப் போங்கள்.

## எல்லாம் பார்த்தாயிற்று, பூட்ஸைத்தான் மாற்ற வேண்டும்

சரி. மாலையில் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் தன் முழு அளவில் இருக்கும். நடக்கும்போது போடுகிற அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். இரண்டு காலையும் நின்றபடி அளந்து, பெரிய காலுக்கு எடுங்கள். கடைக்காரர் "போடப் போட விட்டுக்கொடுக்கும்" என்பார். அகலத்தில் கொஞ்சம் உண்மை, நீளத்தில் பொய். செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்ட முடியாது.

பூட்ஸைக் கையில் எடுத்து முன்பக்கத்தை மடக்குங்கள். விரல்கள் மடிகிற இடத்தில் மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் கீழே வையுங்கள். குதிகாலையும் முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். நல்ல பாதை, இலேசான பை என்றால் கொஞ்சம் முறுகட்டும். கல்லும் பாறையும் கனமான பையும் என்றால் விறைப்பானதே மேல். ஆனால் தேவைக்கு மேல் கனம் வேண்டாம். காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலையேறிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பெரிய பூட்ஸோடு ஒரு நாள் நடந்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

வாங்கிவந்த பிறகு வெளியே போடாதீர்கள். வெளியே நடந்த பூட்ஸைத் திரும்ப எடுப்பவர் அபூர்வம். பையில் பயண எடையைப் போட்டுக்கொண்டு, சுத்தமான தரையில் இரண்டு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள், இறங்குவதே அதிகமாக இருக்கட்டும். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். கால்மணி நேரத்தில் மறைகிற சிவப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்குப் பிறகும் அப்படியே நிற்கிற சிவப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, லேஸை மாற்றிக் கட்டி மறுநாள் இன்னொரு இரண்டு மணி நேரம் நடங்கள். அதே இடம் மறுபடி சிவந்தால் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.